ஆர்ல் புகைப்பட விழாவின் திறப்பு வாரத்துக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

2023 ஜூலையில் நானும் என் தங்கையும் பிரான்சுக்குப் போனோம். அவள் மகன் மார்சேயில் படிக்கிறான். அவனைப் பார்த்துவிட்டு வருவதுதான் திட்டம். "பெரியம்மா, ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஓர் ஊரே புகைப்படமாக மாறிக் கிடக்கிறது, வருகிறீர்களா?" என்று அவன் கேட்டதால் ஆர்ல் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்த நாளிலிருந்து, கேமராவும் கையுமாக அலையும் நண்பர்கள் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். தொலைபேசியில் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இனி இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆர்லில் அப்படி என்ன விசேஷம்?

தென் பிரான்சில் ரோன் நதிக்கரையில் இருக்கும் சிறிய ஊர். ஐம்பதாயிரம் பேர் வசிக்கிறார்கள். ரோமானியர் கட்டிய வட்டரங்கம் இன்னும் ஊர் நடுவே நிற்கிறது. 1970ஆம் ஆண்டு இந்த ஊர்க்காரரான புகைப்படக் கலைஞர் லூசியன் கிளெர்க், எழுத்தாளர் மிஷேல் தூர்னியே, வரலாற்றாய்வாளர் ழான்-மோரிஸ் ருக்கெத் மூவரும் சேர்ந்து இங்கே ஒரு புகைப்பட விழாவைத் தொடங்கினார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கிளெர்கும் ருக்கெத்தும் ஊரின் ரெயாத்து அருங்காட்சியகத்தில் புகைப்படத்துக்கென ஒரு பிரிவை உருவாக்கியிருந்தார்கள். ஓவியங்களுக்கு மட்டுமே சுவர் கிடைத்த காலம் அது. பிறகு 2006இல் பிரான்சின் நுண்கலைக் கழகம் முதன்முதலாக ஒரு புகைப்படக்காரரை உறுப்பினராக ஏற்றபோது அந்த இடம் கிளெர்குக்குத்தான் கிடைத்தது.

விழாவின் பெயர் 'ரான்கோந்த்ர் தார்ல்'. கண்காட்சி என்ற சொல்லே அதில் இல்லை. 'ஆர்ல் சந்திப்புகள்' என்று பொருள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போவதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

திறப்பு விழா என்றால் ஒரு நாளா?

ஒரு வாரம். விழா ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்துச் செப்டம்பர் கடைசி வரையிலும், சில ஆண்டுகளில் அக்டோபர் முதல் வாரம் வரையிலும் நீளும். நாங்கள் போன ஆண்டில் ஜூலை 3 முதல் செப்டம்பர் 24 வரை. முதல் வாரத்தில்தான் ஒவ்வொரு கண்காட்சியாகத் திறக்கிறார்கள். படம் எடுத்தவர்கள், தொகுத்தவர்கள், பதிப்பாளர்கள், அருங்காட்சியகக்காரர்கள் எல்லோரும் அந்த ஏழு நாள்கள் ஊரில் இருப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை கூட்டம் வடிந்துவிடும். படங்கள் மட்டும் கோடை முழுக்கத் தனியாகச் சுவரில் இருக்கும்.

அரங்குகளும் நீங்கள் நினைக்கிற மாதிரி வெள்ளைச் சுவர்க் கூடங்கள் அல்ல. வழிபாடு நின்றுபோன தேவாலயங்கள், மடத்தின் முற்றங்கள், பழைய ரயில்வே பணிமனை, ரோமானியர் காலத்து நிலவறை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பல்பொருள் அங்காடியின் மாடியில்கூடப் படங்கள் மாட்டியிருப்பார்கள். கீழே தக்காளியும் சோப்பும், மேலே கண்காட்சி.

அழைப்பிதழ் வேண்டுமா?

வேண்டாம். நானும் முதலில் பயந்தேன். நம் ஊரில் கலைக்கூடத் திறப்பு என்றால் யாராவது பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்ற தயக்கம் இருக்கிறதல்லவா? இங்கே நுழைவுச்சீட்டு போதும். ஒரு நாளுக்கும் வாங்கலாம், எல்லா அரங்குகளுக்கும் சேர்த்தும் வாங்கலாம். இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். இரவுத் திரையிடலுக்குத் தனி டிக்கெட். கலைஞரே உடன் வந்து விளக்கும் சுற்றுகளுக்கு முன்பதிவு தேவைப்படலாம், அவை வேகமாக நிரம்பிவிடும்.

இது போக, ஊர் முழுக்க அதிகாரபூர்வமற்ற சிறு கண்காட்சிகள் முளைத்திருக்கும். யாரோ ஒருவர் வீட்டின் முன்னறையைக் காலி செய்து பத்துப் படங்களை மாட்டிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கிடையாது. திறந்த கதவு எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

விசா, பயணம்?

ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பாடு என்பதால் மார்ச், ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்குங்கள். முப்பதாயிரம் யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாரிஸிலிருந்து நேரடி அதிவேக ரயிலில் நான்கு மணி நேரம் ஆகும். மார்சேயிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம். அவிஞ்ஞோனிலிருந்து இருபது நிமிடம்.

தங்குவதற்கு?

ஆர்லில் அந்த வாரம் அறை கிடைத்தால் உங்களுக்குப் பூர்வ ஜென்மப் புண்ணியம் இருக்கிறது என்று பொருள். வழக்கமாக வருபவர்கள் இந்த ஆண்டு கிளம்பும்போதே அடுத்த ஆண்டுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போகிறார்கள். அவிஞ்ஞோன், நீம், தராஸ்கோன் ஆகிய பக்கத்து ஊர்களில் தங்கிக்கொண்டு தினமும் ரயிலில் வரலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதில் ஒரு குழி இருக்கிறது. இரவுத் திரையிடல் நள்ளிரவை ஒட்டித்தான் முடியும். அதற்குள் கடைசி ரயில் போயிருக்கும். இது கால அட்டவணையில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. முதல் நாள் இரவு வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு நல்ல புகைப்படப் புத்தகங்கள் வாங்கியிருக்கலாம் என்று தங்கை இன்றுவரை கணக்குச் சொல்கிறாள். ஆர்லில் ஒரே ஓர் இரவுக்காவது படுக்கை தேடிக்கொள்ளுங்கள், திரையிடலை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு நிகழ்ச்சி எப்படி நடக்கும்?

குத்துவிளக்கு கிடையாது. பொன்னாடை கிடையாது. ரிப்பனும் நான் பார்க்கவில்லை. மேடை என்று ஒன்று இருந்தால்தானே 'மேடையில் வீற்றிருக்கும்' என்று ஆரம்பிப்பதற்கு!

நாங்கள் போன முதல் திறப்பு, குடியரசுச் சதுக்கத்தில் இருக்கும் புனித அன்னா தேவாலயத்தில் நடந்தது. வழிபாடு நின்று பல தலைமுறைகள் ஆகிவிட்ட கட்டடம். அந்த ஆண்டு அங்கே ஐந்து நோர்டிக் நாடுகளைச் சேர்ந்த பெண் கலைஞர்களின் படங்கள். 'சகோதரித்துவம்' என்ற பொருள்படும் தலைப்பு. வெளியே நம் ஊர்ச் சித்திரை வெயில். உள்ளே கல்சுவரின் குளிர்ச்சி. நுழைந்ததும் யாரும் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம், "நீ எப்போது வந்தாய்" என்ற விசாரிப்பு, ஒரு மூலையில் குழந்தை அழுகை. கல்யாண வீட்டு முகப்பில் நிற்பது போலவே இருந்தது. மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். பிறகு ஒருவர் ஒலிவாங்கியை எடுத்தார். பிரெஞ்சில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம். தொகுத்தவர்கள் பேசினார்கள், கலைஞர்கள் தங்கள் படத்தின் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். கூட்டம் அவர்களோடு சுவர் சுவராக நகர்ந்தது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெர்னிசாஜ்', அதாவது வார்னிஷ் பூசுதல். பாரிஸின் பழைய ஓவியக் கண்காட்சிகளில் திறப்புக்கு முந்தைய நாள் ஓவியர்கள் வந்து, மாட்டிய ஓவியத்தின் மீது கடைசி வார்னிஷைப் பூசுவார்களாம். அதை வேடிக்கை பார்க்க நண்பர்கள் வர, வேடிக்கையே விழாவாகிவிட்டது. புகைப்படத்துக்கு ஏது வார்னிஷ்? பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மாலைத் திறப்புகளில் பேச்சு முடிந்ததும் வெளியே வந்து ஒரு கோப்பை. இளஞ்சிவப்பு ஒயின், பாஸ்தீஸ் என்ற சோம்பு மணக்கும் மது, ஆலிவ் காய்கள். மது அருந்தாதவர்கள் தண்ணீரோ பழச்சாறோ கேட்டால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. என் தங்கை மூன்று நாளும் ஆலிவ் காயோடு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு பிரெஞ்சு தெரியாதே?

அந்த வாரம் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆங்கிலம் போதும். ஆனால் எதைக் கேட்பதற்கு முன்பும் "போன்ஜூர்" சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் நேராகக் கேள்விக்குப் போனால், செருப்போடு பூஜை அறைக்குள் நுழைந்தவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மாலையில் "போன்சுவார்".

படம் எடுத்தவரிடம் என்ன பேசுவது?

"எந்த கேமரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். கூச்சத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே, "இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் வேறொருவரிடம், "இந்தப் படத்தில் இருப்பவர் இதைப் பார்த்துவிட்டாரா?" என்று கேட்டேன். கால் மணி நேரம் பேசினார். படத்தில் இருந்தது அவருடைய அம்மா. முதலில் கோபித்துக்கொண்டு, பிறகு ஒரு பிரதி கேட்டு வாங்கி, கடைசியில் தன் அறைச் சுவரில் மாட்ட மறுத்துவிட்டாராம். இத்தனைக்கும் சுவரில் இருந்த விளக்கக் குறிப்பில் ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லை. திறப்பு வாரத்துக்குப் போவது இதற்காகத்தான். செப்டம்பரில் போனால் அதே படம் இருக்கும், அந்த அம்மாவின் கதை கிடைக்காது.

அவ்வளவு கூட்டத்தில் படத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. திறப்பு நேரம் படம் பார்ப்பதற்கு மிக மோசமான நேரம். உங்களுக்கும் படத்துக்கும் நடுவே நான்கு தலைகள், ஒரு தோள்பை, தூக்கிப் பிடித்த நான்கைந்து கைபேசிகள். முதல் நாள் மூன்று திறப்புகளுக்கு ஓடிவிட்டு இரவில் யோசித்துப் பார்த்தேன். முகங்கள் நினைவிருந்தன, ஆலிவ் காயின் உப்பு நினைவிருந்தது. ஒரு படமும் மனத்தில் தங்கவில்லை.

ஆகவே நாங்கள் ஒரு முறையைக் கைக்கொண்டோம். மாலையில் மனிதர்கள், காலையில் படங்கள். முந்தைய நாள் திறப்பில் யாரோடு பேசினோமோ அந்த அரங்குக்கு மறுநாள் கதவு திறக்கும் நேரத்தில் போய்விடுவது. புனித அன்னா தேவாலயத்தில் அந்த வேளையில் எங்களையும் சேர்த்து ஆறு பேர்தான் இருந்தோம். முந்தைய மாலை நான் முதுகு சாய்த்து நின்ற தூணுக்கு எதிரே ஆளுயரப் படம் ஒன்று இருந்திருக்கிறது! ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றும் பார்க்காமல் வந்திருக்கிறேன்.

புனித துரோஃபீம் மடத்தின் முற்றத்திலும் அப்படித்தான். அங்கே ஆன்யெஸ் வார்தாவின் படங்கள். அவர் இயக்குநராக அறியப்படுவதற்கு முன் புகைப்படக்காரர்; 1950களில் தன் முதல் திரைப்படத்தை எடுப்பதற்காக, தான் இளமையில் வாழ்ந்த சேத் என்ற துறைமுக ஊரின் மீனவர் குடியிருப்பைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருந்தார். சிறு சிறு படங்கள். கிட்டப் போய்க் குனிந்துதான் பார்க்க வேண்டும். கூட்டத்தில் எப்படிக் குனிவது? காலையில் அந்த முற்றத்தில் புறாச் சத்தத்தோடு பார்த்த அரைமணி நேரம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் தரமான சொத்து.

எத்தனை நாள் வேண்டும்? எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

மூன்று நாள் குறைந்தபட்சம். எல்லாவற்றையும் பார்ப்பது என்ற ஆசையை மார்சேயிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முப்பது, நாற்பது கண்காட்சிகள். கால் கெஞ்சும், கண் மரத்துப்போகும். ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகாதீர்கள். பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை நிழலில் தூங்குங்கள், ஊரே அதைத்தான் செய்கிறது.

பழைய ரயில்வே பணிமனை வளாகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அங்கேதான் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த, லூமா கலை மையத்தின் கோபுரம் நிற்கிறது. 2021இல் திறந்தது, 56 மீட்டர் உயரம், பதினோராயிரம் உருக்குத் தகடுகள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் அந்த ஆண்டு, மனிதர்களை ஒளிவுமறைவின்றி நேருக்கு நேர் எடுத்த அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸின் 454 படங்கள் வைத்திருந்தார்கள். வரிசை கிடையாது, காலம் கிடையாது, எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு அம்புக்குறியும் கிடையாது. கம்பிச் சட்டங்களில் மேலும் கீழுமாகப் படங்கள் தொங்க, அவற்றுக்கு நடுவே திருவிழாவில் தொலைந்த பிள்ளை போல நடக்க வேண்டியதுதான். ஒரு கோடியில் பெரிய கண்ணாடி வேறு. படங்களுக்கு நடுவே திடீரென்று என் முகத்தையும் பார்த்தேன். ஆர்பஸ் எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்பார் என்று நினைத்ததும் சற்றே நடுங்கிவிட்டது.

இரவுத் திரையிடல் எப்படி?

ரோமானியரின் திறந்தவெளி நாடக அரங்கில் நடக்கும். ஜூலையில் அங்கே ஒன்பதரைக்குத்தான் பொழுது சாய்கிறது என்பதால் பத்து மணிக்கு மேல்தான் திரை ஒளிரும். எஞ்சி நிற்கும் இரண்டு தூண்களுக்குப் பக்கத்தில் பெரிய திரை. படங்கள் ஒவ்வொன்றாக வர, ஒரு பேச்சோ இசையோ கூடவே ஓடும். பரிசுகளையும் அங்கேதான் அறிவிப்பார்கள். கல்படியில் பகல் வெயிலின் சூடு இன்னும் இருக்கும், ஆனாலும் ஒரு துண்டையோ சிறு தலையணையையோ எடுத்துப் போங்கள். வடக்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று அடிக்கத் தொடங்கினால் நடு ஜூலையிலும் போர்வை தேடுவீர்கள். காற்று இல்லாவிட்டால் கொசு. பக்கத்தில் கமார்க் சதுப்புநிலம். அங்கத்துக் கொசுக்களுக்கு நம் ஊர்க் கொசுக்கள் தம்பி முறை.

என் படங்களைக் காட்ட வாய்ப்பு உண்டா?

உண்டு. கட்டணம் கட்டி முன்பதிவு செய்தால் தொகுப்பாளர்கள், பதிப்பாளர்களிடம் ஒவ்வொருவராக உட்கார்ந்து உங்கள் படங்களைக் காட்டலாம். அச்சிட்ட பிரதிகளோடு போங்கள். திறப்பு நிகழ்ச்சியில் கோப்பையோடு நிற்பவரின் மூக்குக்கு நேரே கைபேசியை நீட்டிப் படம் காட்டுகிறவர்களையும் பார்த்தேன். எதிரில் இருப்பவரின் கண் உடனே வேறு யாரையாவது தேடத் தொடங்கிவிடுகிறது.

கண்காட்சியைப் படம் எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறார்கள். தடை இருந்தால் எழுதியிருக்கும். தெருவில் மனிதர்களை எடுக்கும்போது மட்டும் கண்ணால் ஒரு அனுமதி கேளுங்கள். பிரான்சில் தன் உருவத்தின் மீதான உரிமையைச் சட்டமே காக்கிறது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கஷ்டம்தான், ஆனால் பட்டினி இல்லை. ஊரின் பெருமைக்குரிய பண்டம் காளைமாட்டிறைச்சிக் குழம்பு. அதோடு வரும் சோறுதான் நமக்கான செய்தி! கமார்க்கில் நெல் விளைகிறது, சிவப்பரிசிகூட உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வியட்நாமிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் உழைப்பில்தான் அந்தச் சாகுபடி மறுபடி தழைத்தது. அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப 2014 வரை ஆனது. சனிக்கிழமைச் சந்தையில் தக்காளி, பாலாடைக்கட்டி, ஆலிவ், ரொட்டி வாங்கிக்கொண்டால் ஒரு நாள் ஓடிவிடும். ஊறுகாய்ப் புட்டியை மறக்காதீர்கள்.

கேமரா பைத்தியம் இல்லாத வீட்டுக்காரரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. வான்கோ 1888 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த ஊர் இது. அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் தோட்டமே இப்போது ஒரு கண்காட்சி வளாகம். அவர் வரைந்த மஞ்சள் வீடு மட்டும் 1944 குண்டுவீச்சில் போய்விட்டது.

இன்னொன்று. ஜூலை முதல் திங்கட்கிழமை வட்டரங்கத்தில் 'தங்கக் கொக்கார்த்' என்ற காளைப் போட்டி. வெள்ளுடை அணிந்த இளைஞர்கள் காளையின் கொம்புகளுக்கு நடுவே கட்டியிருக்கும் சிறு துணித்துண்டையும் நூல்களையும் பறிக்க ஓடுவார்கள். கமார்க் முறைப் போட்டி என்பதால் காளையைக் கொல்வதில்லை. சுவரொட்டியில் காளைகளின் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். கொம்பில் சல்லி கட்டிய நம் மாடுகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? தங்கை அன்றைக்கு ஒரு கண்காட்சிக்கும் வரவில்லை. அதே அரங்கில் ஈஸ்டரிலும் செப்டம்பரிலும் நடப்பது வேறு வகை, அதில் காளை சாகும். அதை நான் பார்க்க மாட்டேன்.

நம்மவர்களின் படங்கள் அங்கே இடம்பெறுகின்றனவா?

தெற்காசியப் புகைப்படக்காரர்களுக்கென, இந்தியாவின் செரண்டிபிட்டி ஆர்ட்ஸ் அமைப்பும் ஆர்ல் விழாவும் சேர்ந்து ஒரு நல்கை வழங்குகின்றன. அதை முதலில் பெற்றவர் காஞ்சிபுரத்துக்காரர், புருஷோத்தமன் சதீஷ்குமார். தான் வளர்ந்த ஊரையும் வீட்டையும் நண்பர்களையும் ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்களுக்காக. சென்னையிலும் 2016 முதல் புகைப்பட ஈராண்டு விழா நடக்கிறது. ஆர்ல் போகும் முன் அதன் திறப்புக்கு ஒருமுறை போய்வாருங்கள். அந்நியரிடம் போய்ப் பேசும் கூச்சத்தைத் தமிழிலேயே போக்கிக்கொள்ளலாம்.

என்ன வாங்கி வரலாம்?

புத்தகம். அந்த வாரம் சிறு பதிப்பாளர்கள் கடை விரித்திருப்பார்கள், படம் எடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டுத் தருவார். ஆனால் புகைப்படப் புத்தகம் ஒவ்வொன்றும் அம்மிக்கல். நான் ஐந்து வாங்கினேன். விமான நிலையத்தில் தராசு முள் எகிறியதும், இரண்டு புடவைகளையும் ஒரு ஜோடிச் செருப்பையும் தங்கை மகனிடம் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறை வருகிறவரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். நீங்கள் போனால் சொல்லுங்கள்.